யூரெயில் பாஸா, தனித்தனி டிக்கெட்டா? பாதையைப் பார்த்து முடிவெடுங்கள்

ஐரோப்பாவுக்குப் போகிறோம் என்றதும் ரயில் பாஸ் வாங்கிவிடுவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. 33 நாடுகளில் செல்லும், ஏறி உட்கார்ந்தால் போதும் என்றுதான் அது அறிமுகமாகிறது. உண்மையில் அது சில நாடுகளில் மட்டும்தான் அப்படி. மற்ற நாடுகளில் பாஸ் கையில் இருந்தாலும் பல ரயில்களுக்குத் தனியாகப் பணம் கட்டி இருக்கை ரிசர்வ் செய்ய வேண்டும். அதனால் 'பாஸ் லாபமா நஷ்டமா' என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த நாடுகள், எத்தனை நாள், தேதி எவ்வளவு முன்னால் உறுதியாகும் என்ற மூன்றையும் சொன்னால் பதில் உண்டு.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரெயில், உள்ளே வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில். குடியுரிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வசிப்பிடம்தான் கணக்கு. ஜெர்மனியில் படிக்கும் தமிழ் மாணவர் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் இன்டர்ரெயில்தான் வாங்க வேண்டும். சென்னையிலிருந்து அவரைப் பார்க்க வரும் பெற்றோருக்கு யூரெயில். இதில் மாணவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: இன்டர்ரெயிலில், வசிக்கும் நாட்டுக்குள் வெளியே போக ஒரு பயணம், திரும்பி வர ஒரு பயணம், அவ்வளவுதான். பெற்றோரை அழைத்துக்கொண்டு ஜெர்மனிக்குள்ளேயே நாலு ஊர் சுற்றத் திட்டமிட்டால் அம்மா அப்பாவின் பாஸ் செல்லும், பிள்ளையின் பாஸ் செல்லாது.

ஒரு பயண நாளுக்கு என்ன விலை?

பாஸில் இரண்டு வகை. தொடர்ச்சியாக 15 நாள், 22 நாள், ஒரு மாதம் என்று தினமும் செல்லுபடியாவது ஒன்று. ஒரு மாதத்துக்குள் நமக்கு வேண்டிய 4, 5 அல்லது 7 நாட்களையோ, இரண்டு மாதத்துக்குள் 10 அல்லது 15 நாட்களையோ பயண நாளாக எடுத்துக்கொள்வது இன்னொன்று. சுற்றுலாப் பயணிக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் பொருந்தும். ஒரு ஊரில் மூன்று நாள் தங்கும்போது பாஸ் சும்மா கிடந்து தீரக்கூடாது.

பெரியவர், இரண்டாம் வகுப்பு என்றால் 4 நாளுக்கு ஏறக்குறைய 280 யூரோ, 5 நாளுக்கு 320, 7 நாளுக்கு 380, 10 நாளுக்கு 450. ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும், இடையிடையே தள்ளுபடியும் வரும். வகுத்துப் பாருங்கள்: 4 நாள் பாஸில் ஒரு நாள் 70 யூரோ, 7 நாள் பாஸில் 54, 10 நாள் பாஸில் 45. இந்த எண்தான் முக்கியம். ஒவ்வொரு பயணத்துக்கும் தனி டிக்கெட் விலையை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் ஒரு நாள் விலையையும் அந்த ரயிலின் ரிசர்வேஷன் கட்டணத்தையும் கூட்டி எழுதிப் பார்த்தால் பாதி முடிவு அப்போதே வந்துவிடும். வியன்னாவிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள பிராட்டிஸ்லாவாவுக்குப் போய்வர 54 யூரோ மதிப்புள்ள ஒரு பயண நாளைச் செலவழிப்பது வீண். அங்கே நிலையத்தில் டிக்கெட் எடுத்துக்கொள்வதே சரி.

12 முதல் 27 வயது வரை உள்ளவர்களுக்கு விலை கால் பங்கு வரை குறையும், 60 தாண்டியவர்களுக்குப் பத்து சதவீதம். 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு இலவசம், ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள் வரை. ஆனால் இலவச பாஸை அவர்கள் பெயரிலும் சேர்த்து எடுக்க வேண்டும், ரிசர்வேஷன் கட்டாயமான ரயிலில் பிள்ளைக்கும் அந்தக் கட்டணம் உண்டு. சிறு பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு இது பெரிய சேமிப்பு போலத் தெரியும். ஆனால் ஜெர்மன் ரயில்வேயில் பெற்றோருடன் வரும் 14 வயது வரையான பிள்ளைகளுக்குத் தனி டிக்கெட்டிலும் கட்டணம் இல்லை. அந்த நாட்டைக் கணக்கிடும்போது பிள்ளைகளின் டிக்கெட்டையும் சேமிப்பில் சேர்த்துவிடாதீர்கள்.

பாஸ் எங்கே இனிக்கிறது, எங்கே கசக்கிறது

ஐரோப்பிய வரைபடத்தை மனதில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், நெதர்லாந்து, டென்மார்க் ஒரு பக்கம். இந்த நாடுகளுக்குள் ஓடும் ரயில்களில் அநேகமாக ரிசர்வேஷன் கட்டாயமில்லை. ஜெர்மனியின் ஐசிஇ அதிவேக ரயிலிலும் பாஸோடு ஏறி காலி இருக்கையில் உட்காரலாம். வேண்டுமென்றால் ஜெர்மனியில் ஐந்து யூரோ சொச்சம், ஆஸ்திரியாவில் மூன்று யூரோ கொடுத்து இருக்கையை உறுதி செய்யலாம். பிரிட்டனும் இந்தப் பக்கம்தான்: லண்டன்–எடின்பரோ போன்ற பயணத்துக்குக் கடைசி நேர டிக்கெட் 100 பவுண்டைத் தாண்டும், அங்கே பாஸின் ஒரு பயண நாள் தன் விலையைத் தாராளமாக எடுத்துவிடும். ஆனால் பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும்.

மறுபக்கம் பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி. பிரான்ஸின் அதிவேக ரயிலான டிஜிவியில் உள்நாட்டுப் பயணத்துக்கு பாஸ்காரர் 10 அல்லது 20 யூரோ கட்ட வேண்டும், நாடு தாண்டும் டிஜிவிக்கு அதற்கும் மேல். இத்தாலியின் அதிவேக ரயிலான ஃப்ரெச்சாரோஸாவுக்கு 13 யூரோ. லண்டன் போகும் யூரோஸ்டாருக்கு 30 யூரோவுக்கு மேல். பணம்கூடப் பெரிதல்ல. யூரோஸ்டாரிலும் டிஜிவியிலும் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கிய இருக்கைகள் குறைவு. ரயிலில் நூறு இடம் காலியாக இருந்தாலும் அந்த ஒதுக்கீடு தீர்ந்துவிட்டால் பாஸ்காரருக்கு இடமில்லை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பாரிஸிலிருந்து கிளம்பும் ரயில்களில் இது அடிக்கடி நடக்கும். அப்போது முழு விலை கொடுத்து டிக்கெட் வாங்குவதைத் தவிர வழியில்லை, பாஸுக்குக் கொடுத்த பணமும் போனதுதான்.

இத்தாலியிலும் ஸ்பெயினிலும் இன்னொரு காரணமும் இருக்கிறது: போட்டி. இத்தாலியில் 2012 முதல் இத்தாலோ என்ற தனியார் நிறுவனம் அதிவேக ரயில் ஓட்டுகிறது. ஸ்பெயினில் 2021-லிருந்து வீகோ, 2022 கடைசியிலிருந்து இரியோ. இவர்கள் வந்த பிறகு முன்கூட்டியே எடுக்கும் டிக்கெட்டின் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. ரோம்–ஃப்ளோரன்ஸ், மிலன்–வெனிஸ், மாட்ரிட்–பார்சிலோனா போன்ற பாதைகளில் ஒரு பயண நாளின் விலையில் பாதிக்கும் குறைவாகவே டிக்கெட் கிடைக்கும் நாட்கள் ஏராளம். மலிவு சேவையான வீகோவில் பாஸ் செல்லாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் பச்சை நிற ஃப்ளிக்ஸ்ட்ரெயினிலும் செல்லாது.

செக், போலந்து, ஹங்கேரி இவற்றில் டிக்கெட்டே மலிவு. ப்ராக்–வியன்னாவுக்கு முன்கூட்டி எடுத்தால் 20 யூரோ அளவில் முடியும். இந்தப் பகுதியை மட்டும் சுற்ற பாஸ் தேவையே இல்லை.

பாரிஸ்–சுவிஸ்–இத்தாலி: நம்மவர்கள் அதிகம் போகும் பாதை

பத்துப் பன்னிரண்டு நாளில் பாரிஸ், இன்டர்லாக்கன் அல்லது லூசெர்ன், வெனிஸ், ரோம். இதற்கு 5 நாள் அல்லது 7 நாள் யூரெயில் வாங்குகிறவர்கள் நிறைய. எங்கள் முடிவு தெளிவாகவே இதற்கு எதிர். பாரிஸ்–சூரிக், சூரிக்–மிலன், மிலன்–வெனிஸ், வெனிஸ்–ரோம் நான்கிலுமே ரிசர்வேஷன் கட்டாயம், அதாவது பாஸின் சுதந்திரம் நான்கிலும் இல்லை. பாஸ் பளிச்சென்று உதவும் ஒரே இடம் சுவிட்சர்லாந்துக்குள் சுற்றும் நாட்கள். அங்கேயும் யூரெயில் பாதிதான் போகும். இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்திலிருந்து லவுட்டர்ப்ரூன்னென், கிரிண்டெல்வால்ட் போகும் மலை ரயில் பாஸில் அடங்காது, தள்ளுபடி மட்டும் உண்டு. சுவிட்சர்லாந்துக்கு மட்டுமான சுவிஸ் ட்ராவல் பாஸ் வைத்திருந்தால் கிரிண்டெல்வால்ட், வெங்கென், மூர்ரென் வரை ரயிலும் ரோப்காரும் அடக்கம். ஏரிப் படகு, அஞ்சல் பேருந்து, நகர டிராம், ரிகி மலை ரயில், நூற்றுக்கணக்கான அருங்காட்சியகங்கள் எல்லாம் அதிலேயே சேர்ந்துவிடும். இந்தப் பாதைக்குச் சரியான கூட்டு: பாரிஸ்–சுவிஸ் ஒரு தனி டிக்கெட், சுவிஸில் 3 அல்லது 4 நாள் சுவிஸ் ட்ராவல் பாஸ், இத்தாலிக்குள் தனி டிக்கெட்டுகள். யுங்ஃப்ராவ்யோஹ் என்ற உயர் மலைக் கணவாய் நிலையத்துக்கான டிக்கெட் எந்த பாஸிலும் முழுதாக அடங்காது.

மத்திய ஐரோப்பாச் சுற்று: பாஸ் ஜெயிக்கும் இடம்

ஆம்ஸ்டர்டாம்–பெர்லின்–ப்ராக்–வியன்னா–இன்ஸ்ப்ரூக்–சூரிக், சுவிஸுக்குள் ஒரு நீண்ட நாள், சுவிஸ் எல்லை நகரமான பாசலிலிருந்து ஆம்ஸ்டர்டாம். ஏழு பயண நாள், பாஸ் 380 யூரோ. இதே ஏழையும் மூன்று மாதம் முன்னால் சலுகை டிக்கெட்டாக எடுத்தால் 200 முதல் 250 யூரோவுக்குள் முடிக்கலாம். பயண வாரத்தில் எடுத்தால் 500-ஐத் தாண்டும். ஆக, விலையை மட்டும் பார்த்தால் முன்கூட்டித் திட்டமிடுபவருக்கு டிக்கெட், கடைசியில் முடிவெடுப்பவருக்கு பாஸ்.

இங்கேதான் விசா குறுக்கே வருகிறது. பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், முடிவுக்கு 15 நாள் என்பது விதி, 45 நாள் வரை நீட்டிக்கவும் விதி உண்டு. ஆனால் சந்திப்பு நேரம் கிடைத்து, பாஸ்போர்ட் கைக்கு வரும்போது பயணத்துக்கு மூன்று வாரமே பாக்கி இருப்பது கோடைக்காலத்தில் சகஜம். சலுகை டிக்கெட்டுகளில் மிக மலிவானவை பெரும்பாலும் பணம் திரும்பாதவை, தேதி மாற்ற முடியாதவை. விசா வருவதற்கு முன் அவற்றை வாங்குவது சூதாட்டம். விசா வந்த பிறகு வாங்கப் போனால் மலிவு விலை தீர்ந்திருக்கும். பாஸின் விலையோ தேதி நெருங்க நெருங்க ஏறாது. பயணத்துக்கு முதல் நாள் வாங்கினாலும் அதே விலைதான். சாதாரண விலையில் வாங்கிய பாஸைச் செயல்படுத்தாமல் விட்டால் சிறு பிடித்தம் போக பணமும் திரும்பும். தள்ளுபடியில் வாங்கியதற்கு இந்த வசதி இருக்காது, நிபந்தனையைப் படித்துவிட்டு வாங்குங்கள். விசா தாமதமாகும் என்று தெரிந்தால் மத்திய ஐரோப்பாச் சுற்றுக்கு பாஸ்தான் நிம்மதி.

இன்னொரு காரணம் தாமதம். ஜெர்மன் ரயில் என்றால் நிமிடம் தவறாது என்று நாம் கேள்விப்பட்டது பழைய கதை. 2024-இல் ஜெர்மன் ரயில்வேயான டாய்ச்ச பானின் நீண்டதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன, அதுவும் ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட தாமதத்தைத் தாமதமாகவே சேர்க்காத கணக்கு. சலுகை டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். ஒரே டிக்கெட்டில் மாறிப் போகிறவராக இருந்து, சேருமிடத்தில் 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் நிலை வந்தால் ஜெர்மனியில் அந்தக் கட்டுப்பாடு நீங்கும், அடுத்த ரயிலில் போகலாம். ஆனால் காசு மிச்சம் பிடிக்க இரண்டு நிறுவனத்தில் இரண்டு தனி டிக்கெட் எடுத்திருந்தால், முதல் ரயில் தாமதித்து இரண்டாவதைத் தவறவிடும்போது அந்த இரண்டாவது டிக்கெட்டுக்கு உத்தரவாதம் இல்லை. பாஸ்காரருக்கு இந்தத் தலைவலியே கிடையாது: அடுத்த ரயிலைச் செயலியில் சேர்த்துக்கொண்டு ஏறிவிடலாம். ஜெர்மனியிலிருந்து சுவிஸ் போகும் ஐசிஇ தாமதமானால் பாசலோடு நிறுத்தப்படுவதும் உண்டு, அங்கிருந்து சுவிஸ் ரயிலில் தொடர வேண்டும். சூரிக் வரை உட்கார்ந்தே போகலாம் என்று பெட்டியை மேலே ஏற்றித் தூங்கிவிடாதீர்கள்.

ரிசர்வேஷன் இல்லாமல் ஏறும்போது

நம் ஊர் போல முன்பதிவில்லாப் பெட்டி என்று தனியாகக் கிடையாது, வெயிட்டிங் லிஸ்டும் இல்லை. எல்லாப் பெட்டியும் ஒன்றுதான், எந்த இருக்கை காலி என்று கண்டுபிடிப்பதில்தான் சாமர்த்தியம். ஐசிஇயில் இருக்கைக்கு மேலேயோ தலைமாட்டிலோ சின்னத் திரை இருக்கும். அதில் ஒன்றும் இல்லையென்றால் தாராளமாக உட்காரலாம். 'மான்ஹைம் – பாசல்' என்று இருந்தால் அந்த இருக்கை மான்ஹைமிலிருந்துதான் பதிவாகியிருக்கிறது. ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஏறி மான்ஹைமில் இறங்குகிறவர் கவலையில்லாமல் உட்காரலாம், ஃப்ரைபுர்க் போகிறவர் வேறு இடம் தேட வேண்டும். பதிவு செய்தவர் ரயில் கிளம்பிப் பதினைந்து நிமிடத்துக்குள் வராவிட்டால் அவருடைய உரிமை போய்விடும். கடைசி நிமிடத்தில் தொழில்நுட்பக் கோளாறால் திரைகள் வெறுமையாக இருப்பதும் நடக்கும். அப்போது யாராவது வந்து எண்ணைக் காட்டினால் எழுந்துவிடுங்கள்.

வெள்ளி மாலை, ஞாயிறு மாலை, விடுமுறைத் தொடக்க நாட்களில் ஜெர்மனியில் ஐந்து யூரோவைப் பார்க்காமல் இருக்கை பதிவு செய்துவிடுங்கள். நான்கு மணி நேரம் வாசல் பக்கம் பெட்டியின் மேல் உட்கார்ந்து வருவது வயதானவர்களுக்கு ஆகாது. பெர்லினிலிருந்து கொலோன் பக்கம் போகும் சில ரயில்கள் ஹாம் நிலையத்தில் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போகும். உங்கள் பாதி எது என்பதைப் பெட்டியின் வெளித்திரையில் பார்த்து ஏற வேண்டும்.

செயலியும் பயண நாளும்

பாஸ் இப்போது ரெயில் பிளானர் செயலியில்தான் இருக்கும். வாங்கிய 11 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் செயல்படுத்தலாம். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரையும் எண்ணையும் கொடுங்கள், பரிசோதகர் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார். நடைமுறை இதுதான்: செயலியில் புறப்படும் ஊர், சேரும் ஊர் கொடுத்துத் தேடி, ரயிலைப் பயணத்தில் சேர்க்க வேண்டும். பிறகு அதை பாஸோடு இணைக்க வேண்டும். அப்போதுதான் அந்த நாள் பயண நாளாகக் கழியும், க்யூஆர் டிக்கெட் உருவாகும். பலர் தவறுவது இந்த இரண்டாவது படியில்தான். ரயில் பட்டியலில் தெரிகிறது என்று நினைத்து ஏறிவிடுகிறார்கள், பரிசோதகர் வரும்போது டிக்கெட் இல்லை. அது டிக்கெட்டில்லாப் பயணமாகவே கணக்காகும். ரயில் கிளம்புவதற்கு முன், நடைமேடையில் நிற்கும்போதே க்யூஆர் வந்துவிட்டதா என்று ஒரு முறை திறந்து பாருங்கள். இணையம் இல்லாவிட்டாலும் டிக்கெட் தெரியும், ஆனால் மூன்று நாளுக்கு ஒருமுறையாவது செயலி இணையத்தோடு பேச வேண்டும். போனில் சார்ஜ் இல்லையென்றால் பாஸே இல்லை என்றுதான் அர்த்தம், பவர்பேங்க் அவசியம்.

தேடும்போது 'கட்டாய ரிசர்வேஷன் இல்லாத ரயில் மட்டும்' என்ற வடிகட்டி உண்டு. அதைப் போட்டுப் பார்த்தால் சில நல்ல பாதைகள் தென்படும். சூரிக்–மிலன் நேரடி ரயிலுக்கு ரிசர்வேஷன் கட்டாயம், அது 57 கிலோமீட்டர் நீள கோட்ஹார்ட் அடிச்சுரங்கத்தின் இருட்டில் மலையைக் கடந்துவிடும். ட்ரேனோ கோட்டார்டோ என்ற ரயிலுக்கு ரிசர்வேஷன் வேண்டாம், அது பழைய மலைப் பாதையில் ஏறும். வாஸ்ஸென் கிராமத்தின் வெள்ளைத் தேவாலயம் முதலில் தலைக்கு மேலே, அடுத்து நேர் எதிரே, கடைசியில் காலடியில் என்று மூன்று உயரத்தில் தெரியும். அவ்வளவு தூரம் பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. பெல்லின்சோனாவில் இறங்கி வட்டார ரயில்களில் மாறி மிலன் போய்விடலாம். நேரம் கூடும், ஆனால் அந்த மலையைப் பார்க்கத்தானே போகிறோம். இதேபோல் சுவிஸ் மலைப் பாதையில் ஓடும் பெர்னினா எக்ஸ்பிரஸின் கண்ணாடிப் பெட்டிக்குத் தனிக் கட்டணம், அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண ரயிலுக்கு இல்லை. சாதாரண ரயிலில் ஜன்னலையும் இறக்கலாம், படம் எடுக்க அதுவே வசதி. பெர்லினிலிருந்து ப்ராக் போகும்போது டிரெஸ்டன் தாண்டியதும் எல்பே நதி இடப்பக்கம் வரும், அந்தப் பக்கம் ஜன்னல் பாருங்கள்.

இரவு ரயிலில் பயண நாள் எப்படிக் கழியும் என்பது பலருக்கும் வரும் சந்தேகம். ஏறும் நாள் மட்டும் கழியும், நள்ளிரவுக்குப் பிறகு வேறு ரயில் மாறாமல் காலையில் இறங்கும் வரை. ஆனால் இறங்கிய பிறகு அன்றே இன்னொரு ரயில் பிடித்தால் அது புதிய பயண நாள். ஆஸ்திரியாவின் நைட்ஜெட்டில் பாஸ் இருந்தாலும் படுக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டு, அது தேவையைப் பொறுத்து ஏறும். விடுதி வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உட்காரும் இருக்கையை மட்டும் எடுத்து இரவைக் கழிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள், மறுநாள் முழுக்க உடம்பு கெஞ்சும்.

வாங்கும் வரிசை

கலந்து வாங்குவதென்று முடிவானால் வரிசை முக்கியம். விசா கைக்கு வந்ததும் முதலில் ஒதுக்கீடு சீக்கிரம் தீரும் ரயில்களைப் பிடியுங்கள்: யூரோஸ்டார், பாரிஸ்–சுவிஸ் டிஜிவி, நைட்ஜெட் படுக்கை. பாஸ் விலையையும் ரிசர்வேஷனையும் கூட்டி தனி டிக்கெட்டோடு ஒப்பிட்ட பிறகே, எத்தனை நாள் பாஸ் என்று தீர்மானியுங்கள். பலருக்கு 7 நாள் என்று தோன்றியது 4 நாளாகச் சுருங்கும். யூரெயில் தளத்தில் ரிசர்வ் செய்தால் ஒவ்வொரு ரயிலுக்கும் ஆளுக்கு 2 யூரோ கூடுதல் சேவைக் கட்டணம் உண்டு. ஆஸ்திரிய, ஜெர்மன் ரயில்வேயின் சொந்தத் தளங்களில் டிக்கெட் இல்லாமல் இருக்கை மட்டும் பதிவு செய்யும் வசதியைத் தேடினால் அந்தக் கட்டணம் மிச்சம். நகர மெட்ரோவும் டிராமும் பாஸில் சேராது, பாரிஸில் கார் டு நோர் நிலையத்திலிருந்து கார் டு லியோன் மாற வேண்டியவர்கள் அதற்கும் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே ஆர்இஆர் டி என்ற புறநகர் ரயில் நேராகப் போகும். ஆனாலும் நிலையம் மாறுவதற்கு ஒரு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள், டிஜிவியின் கதவுகள் புறப்படும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே மூடிவிடும்.